பூட்டன் சிறைக்குப் போனாரா? பழைய ஆவணங்களில் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்க பூட்டன் தீவாந்தரம் போனவர்", அதாவது கடல் கடந்து நாடுகடத்தப்பட்டவர், என்று சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. என்ன குற்றம், எந்தக் கோர்ட்டு, எத்தனை வருஷம் என்று கேட்டால் பதில் இருக்காது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சென்னை மாகாண அரசு எதையும் எழுதி வைக்கிற அரசு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காகிதங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் கிடைத்த காகிதத்தைத் தப்பாகப் படித்தால், பதில் சொல்ல உயிரோடு இல்லாத ஒரு மனிதர்மேல் செய்யாத குற்றம் ஏறிவிடும்.

போலீஸ் பதிவேட்டில் பெயர் இருந்தாலே தண்டனை பெற்றவர் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்தது. சென்னை மாகாணத்துக்கு அது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் நீண்டது. தனி மனிதர் என்ன செய்தார் என்று அது பார்க்கவில்லை. பிறந்த சாதியைப் பார்த்து ஆண்களின் கைரேகையை எடுத்தது. ரேகை வைத்தவர்கள் வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பல ஊர்களில் ராத்திரியானால் ஸ்டேஷனிலோ, ஊர்த்தலைவர் கண்முன்னோ வந்து படுக்க வேண்டும். குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை 1947இல்தான் கைவிட்டது.

ஆகவே அந்தப் பதிவேட்டில் உங்கள் பூட்டன் பெயர் இருந்தால், அரசு அவர் குடும்பத்துக்குச் செய்த அநியாயத்துக்கு அது சாட்சி. அவர் திருடினார் என்பதற்கு அது சாட்சியே அல்ல. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சீட்டு இல்லாமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனாலே அந்தச் சட்டப்படி ஜெயில் கிடைக்கலாம். "பல முறை சிறை சென்றவர்" என்று ஒரு குறிப்பைக் கண்டால், ஒவ்வொரு முறையும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

நன்னடத்தை ஜாமீன் வழக்குகளும் இதே ரகம். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகளில், குற்றம் எதுவும் நிரூபணமாகாமலே ஒருவரிடம் பிணை கேட்க முடிந்தது. ஜாமீன் நிற்க ஆள் கிடைக்காத ஏழை உள்ளே போனார். சிறைக் கணக்கில் அவரும் ஒரு கைதி. ஆனால் தண்டனைச் சட்டத்தின் 379 (திருட்டு) என்றோ 457 (இரவில் வீடு புகுதல்) என்றோ இருப்பதும், 110 என்று இருப்பதும் ஒன்றல்ல. இந்த எண்களை வைத்துக் காலத்தையும் சோதிக்கலாம். இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. 1850இல் ஒருவருக்கு "302இல் (கொலை) தண்டனை" என்று யாராவது எழுதியிருந்தால், அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. அந்தக் காலத்து மாவட்ட வழக்குகளுக்குச் சென்னையில் இருந்த ஃபௌஜ்தாரி அதாலத் என்ற கம்பெனி காலத்து உயர் குற்றவியல் நீதிமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

கைதானதோடு கதையை முடித்துவிடுவதும் பெரிய பிழை. 1899 சிவகாசிக் கலவரத்தில் கைதானவர்கள் 1,958 பேர், தண்டனை பெற்றவர்கள் 552 பேர். நாளிதழில் கைதுச் செய்தி கிடைத்த மகிழ்ச்சியில் தேடலை நிறுத்தியவர், நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு தவறாக முடிவு செய்திருப்பார்.

முதல் தீர்ப்போடு நிற்பதும் அப்படித்தான். வ.உ.சி.க்குத் திருநெல்வேலியில் செஷன்ஸ் நீதிபதி 1908 ஜூலையில் கொடுத்தது இரட்டை ஆயுள் தீவாந்தரம். மேல்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது. அவர் அந்தமானைப் பார்க்கவே இல்லை. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறை இருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். அந்த ஜூலைத் தீர்ப்பை மட்டும் படித்தவர் அவருடைய வாழ்க்கையை எப்படி எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். தீர்ப்பு ஒன்று, மேல்முறையீடு ஒன்று, தண்டனையை உண்மையில் கழித்த இடம் ஒன்று. மூன்றையும் தனித்தனியாகத் தேடியே ஆக வேண்டும்.

அந்தமான் என்றதும் எல்லோர் மனத்திலும் செல்லுலார் சிறை வந்துவிடுகிறது. அது 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிந்தது. கைதிகள் குடியிருப்பு அங்கே 1858லேயே வந்துவிட்டது. 1870இல் போனவர் அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்திருக்க முடியாது. காடு வெட்டியிருப்பார், சாலை போட்டிருப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தீவாந்தரம் என்றால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், பர்மாவின் மெர்குய். சிங்கப்பூரில் 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் இருந்தார்கள். அங்குள்ள புனித அந்திரேயா தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. அந்தக் காலத்து ஆளை அந்தமான் ஆவணங்களில் தேடினால் கிடைக்க மாட்டார்.

கடல் தாண்டிப் போனவரெல்லாம் கைதியும் அல்ல. 1802இல் பாளையக்காரர் போருக்குப் பின் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் அரசியல் கைதிகள். அவர்களுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பே இருக்காது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். குடும்பப் பேச்சில் எல்லாமே "தீவுக்குக் கொண்டுபோயிட்டாங்க" என்று கலந்துவிடும். நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் உண்டு. கோர்ட்டுப் பக்கம் போகும் முன் அதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

தேதியில் வழுக்குகிறவர்கள் பலர். "சார்வரி வருஷம் நடந்தது" என்று ஆத்தா சொன்னால் அது 1900ஆகவும் இருக்கலாம், 1840ஆகவும் இருக்கலாம். கிராமக் கணக்கில் பசலி (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு) இருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1310 என்றால் 1900 ஜூலையிலிருந்து 1901 ஜூன் வரை. மாவட்டமும் மாறியிருக்கும். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வழக்குகள் திருநெல்வேலி ஆவணக் கட்டுகளில் இருக்கும்.

வருஷம் உறுதியானதும், அந்த வருஷத்தில் நாடு எப்படி இருந்தது என்று படியுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. தானியக் கொள்ளை வழக்குகள் அப்போது பெருகின. 1877இல் நெல் வண்டியை மறித்ததற்காக ஒருவர் உள்ளே போயிருந்தால், அந்த ஊரில் அந்த மாதம் பசியால் எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியாமல் அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதக் கூடாது. 1882 வனச் சட்டத்துக்குப் பின், தலைமுறைகளாக விறகு வெட்டிய காட்டிலேயே விறகு வெட்டியது குற்றமானது. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சிறை என்றாலே சுதந்திரப் போராட்டம் என்று தியாகி பட்டம் கட்டுவதும் பொய்தான். 1930, 1942 என்று வருஷம் பொருந்தினால் மட்டும் போதாது, பிரிவும் பொருந்த வேண்டும்.

கீழ்க்கோர்ட்டுக் கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிப்பது நெடுநாள் வழக்கம். கட்டு இல்லை என்றதும் வழக்கே இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும், அதனால் அங்கே ஒரு தடம் இருக்கும். கருணை மனு போயிருந்தால் நீதித்துறை அரசாணைகளில் பெயர் வரும். அந்தமான் பற்றிய உள்துறைக் கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன் இணையதளத்திலேயே தேடலாம்.

கடைசியில் ஆள் அவர்தானா என்ற கேள்வி வரும். குலதெய்வத்தின் பெயரையே வைக்கிற ஊரில் கருப்பனும் மாயாண்டியும் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தாமல் முடிவு செய்யாதீர்கள். வெளியே ஒரு சான்றும் தேடுங்கள். வக்கீல் செலவுக்கு நிலத்தை அடகு வைத்த குடும்பங்கள் நிறைய. வழக்கு நடந்த அதே வருஷத்தில் பூட்டியோ அவர் தம்பியோ எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தால், அதில் சர்வே எண்ணும் உறவுமுறையும் எழுதியிருக்கும்.