யாழ்ப்பாணக் கோட்டை: ஐந்து முனையையும் சுற்றிப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போகிறவர்களில் பலர் வாசலில் ஒரு படம், மதிலில் ஏறிப் பொழுதுபடுவதை ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அது நட்சத்திரக் கோட்டை என்பது அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. காரணம் எளிது: தரையில் நிற்பவர் கண்ணுக்கு அந்த வடிவம் தெரியாது. சுற்றி நடந்தால்தான் பிடிபடும், அதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

புறப்படும் முன் கைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து கோட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஐங்கோணம், மூலைக்கு ஒன்றாக அம்புமுனை போன்ற ஐந்து கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, அகழிக்கு அப்பால் இன்னொரு வரிசைக் காவல் கட்டுகள். அந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள். மேலே நடக்கும்போது எந்த முனையில் நிற்கிறீர்கள் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசிக்குப் பிறகு சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். குடை நிற்காது, தொப்பியைக் கட்டித்தான் போட வேண்டும். எந்த மாதமானாலும் நண்பகலில் ஏறாதீர்கள். மதில்மேல் நிழல் என்று ஒன்றும் இல்லை. பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்குவது சரியாக இருக்கும். தலைக்கு ஒரு லீட்டர் தண்ணீர், பிடிப்புள்ள சப்பாத்து போதும். நுழையும்போதே மூடும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகர பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், பத்துப் பதினைந்து நிமிடம். நடப்பது நல்லது. ஓட்டோவில் வாசலில் போய் இறங்கினால் முற்றவெளியைத் தவறவிடுவீர்கள். கோட்டைக்கும் நகருக்கும் இடையே அவ்வளவு பெரிய வெறுந்தரை ஏன் என்று நின்று யோசியுங்கள். அதுவும் கோட்டையின் ஓர் உறுப்புத்தான். ஒதுங்க மரமோ வீடோ இல்லாத வெளியில் வரும் பகைவன் பீரங்கிக்கு நேர் இலக்கு. சுவர் உயரமாக இல்லாததற்கும் அதே கணக்கு: உயர்ந்த ஒற்றைச் சுவரைக் குண்டு உடைத்துவிடும்; தாழ்ந்து தடித்து, உள்ளே மண் நிரப்பிய மதில் குண்டின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும்.

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதைப் பிடித்தார்கள். பிறகு ஐங்கோணமாக மாற்றி, 1680 அளவில் உட்கோட்டையையும் 1792இல் வெளிக்காவல்களையும் முடித்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை 1795இல் ஆங்கிலேயரிடம் சண்டையின்றியே கொடுத்தார்கள்.

வாசலைக் கடந்ததும் நடுவிலுள்ள இடிபாடுகளுக்கு ஓடாதீர்கள். முதலில் மதில்மேல் ஏறுங்கள். நகரப் பக்கத்துக் கொத்தளங்களை முன்னால் பார்த்து, கடல்நீரேரிப் பக்கத்தைப் பொழுதுசாயும் நேரத்துக்கு வையுங்கள். கொத்தளங்களுக்கு ஸீலாந்து, ஹொல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃப்ரீஸ்லாந்து என்று ஒல்லாந்தர் தங்கள் மாகாணப் பெயர்களையே வைத்தார்கள்.

இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே, நேர்மதிலின் மத்தியில் நின்று இடமும் வலமும் பாருங்கள். இரு பக்கத்துக் கொத்தளங்களிலும் மதிலோடு சேரும் குட்டையான பக்கச்சுவர் உங்களை நோக்கியே திரும்பியிருக்கும். அங்கே வைத்த பீரங்கி மதிலை ஒட்டியபடி சுடும். மதிலடிக்கு வந்தவன் இரு பக்கத்திலிருந்தும் அடிபடுவான். இனி கொத்தளத்தின் கூர்முனைக்குப் போங்கள். வட்டக் கோபுரமாக இருந்தால் அதன் முன்னே, பக்கத்துக் கோபுரத்துச் சூடு எட்டாத ஓர் இடம் மிஞ்சும். பகைவன் அங்கே ஒளிந்துகொண்டு சுவரைத் தோண்டலாம். கூர்முனையில் அந்த இடம் இல்லை. நட்சத்திர வடிவம் அழகுக்கு வந்ததல்ல, ஒளிய இடம் விடாத கணக்கிலிருந்து வந்தது. இதை ஒரு முனையில் புரிந்துகொண்டால் மற்ற நான்கும் தாமாகவே விளங்கும்.

விளிம்பில் கவனம். மதிலில் பெரும்பகுதி முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கடற்காற்றில் அரித்து, உள்நாட்டுப் போரில் குண்டுபட்டு, வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் காலடியில் உதிரக்கூடியது. ஓரத்தில் உட்கார்ந்து படமெடுப்பதும், குறுக்குவழியென்று உடைந்த சரிவில் இறங்குவதும் வேண்டாம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிட இலங்கையில் அனுமதி வேண்டும். படையினர் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

இறங்கிய பின் உள்ளே பாருங்கள். 1706இல் சிலுவை வடிவில் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் போரில் தரைமட்டமானது. 1990இல் இதே மதில்களைச் சுற்றி மீண்டும் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை நடந்தது. புதிதாகச் சீரமைத்த மதில் பகுதிகளுக்கும் பழைய கல்லுக்கும் நிறத்திலேயே வேறுபாடு தெரியும். தரையில் ஓட்டுத்துண்டு கிடந்தால் எடுக்காதீர்கள்: இங்கே நடந்த அகழாய்வில் போர்த்துக்கேயருக்குப் பல நூற்றாண்டு முந்திய கடல் வணிகத்தின் மட்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. கிடந்த இடத்தை விட்டு எடுத்த துண்டு எதையும் சொல்லாது.

நேரம் மிஞ்சினால் வெளியே வந்து பண்ணைப் பாலத்துப் பக்கம் சிறிது தூரம் நடந்து திரும்பிப் பாருங்கள். நீர்ப்பக்கத்திலிருந்து கோட்டை எவ்வளவு தாழ்வாகப் பதுங்கிக் கிடக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். ஊர்காவற்றுறைக்கோ நயினாதீவுக்கோ போகிறவர்களுக்கு அதுவே வழி. காலையில் பஸ்ஸில் கோட்டை தெரியும் பக்கத்து யன்னலோரம் இடம்பிடித்தால் போதும்.