ஊருக்குப் போகுமுன் கடவுச்சீட்டின் அடியிலுள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள்

இலங்கைக்கான ஊர்ப் பயணம் பிசகுவது பெரும்பாலும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேருமுன்னரே, ரொறன்ரோவிலோ பாரிசிலோ சூரிச்சிலோ விமான நிறுவனத்தின் பதிவு மேசையில்தான். எந்தக் கடவுச்சீட்டுக்கு எந்த நாட்டில் என்ன அனுமதி தேவை என்பதை டைமேட்டிக் என்ற தரவுத்தளம் அங்கிருப்பவருக்குச் சொல்கிறது. பயணிகளின் விவரங்களை முன்கூட்டியே கேட்கும் நாடுகளுக்கு அவை அங்கிருந்தே போய்விடும். சில நாடுகளின் கணினி அந்த நொடியிலேயே 'ஏற்றலாம்', 'ஏற்ற வேண்டாம்' என்று பதில் அனுப்பும். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அவர்கள் இளகுவதில்லை.

இந்த மென்பொருள்கள் உங்களை அடையாளம் காண்பது முக்கியமாக நான்கு விவரங்களால்: பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், வழங்கிய நாடு. பயணச்சீட்டிலும் இலத்திரனியல் பயண அனுமதியிலும் இவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எதையும் நினைவிலிருந்து எழுதாதீர்கள். புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளையே பார்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் ஆவண வகைக்கு 2, நாட்டுக் குறிக்கு 3 போக, பெயருக்கு மிஞ்சுவது 39. முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறி, அதன்பின் இடுபெயர். இரண்டாம் வரியின் முதல் 9 இடங்கள் கடவுச்சீட்டு இலக்கம். பத்தாவதாக நிற்பது சரிபார்ப்பு இலக்கம். முன்னுள்ளவற்றை 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10 ஆல் வகுத்து வரும் மீதி அது. அதையும் சேர்த்து எழுதிவிட்டால் அப்படி ஒரு கடவுச்சீட்டே கணினிக்கு இல்லை. ஒன்பதோடு நிறுத்துங்கள். உங்கள் இலக்கம் எட்டுத்தான் என்றால் ஒன்பதாம் இடத்தில் அம்புக்குறி இருக்கும். அதை எழுத வேண்டாம்.

ஆங்கில ஓ எழுத்தும் பூச்சியமும் குழப்புவது எல்லோரும் அறிந்தது. ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் சந்தேகமே தேவையில்லை: அந்த நாட்டு ஆவண இலக்கங்களில் உயிரெழுத்துகள் வருவதில்லை, ஆகவே வட்டமாகத் தெரிவது எப்போதும் பூச்சியம்தான். பிறந்த திகதி இரண்டாம் வரியில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இருக்கும். படிவத்தில் நாளும் மாதமும் இடம் மாறிவிடும் ஆபத்து 12 ஆம் திகதிக்குள் பிறந்தவர்களுக்குத்தான். கணினி அதைப் பிழையாகக் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும்.

எங்களுக்கு மிகப் பெரிய சிக்கல் பெயர்தான். தகப்பன் பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னும் வரும் எங்கள் வழக்கத்தை, குடும்பப் பெயர் – இடுபெயர் என்று பிரிக்கும் நாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணனின் குடும்பப் பெயர் தகப்பன் பெயராகவும் தம்பியினது அவருடைய சொந்தப் பெயராகவும் இருக்கும். ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். இவற்றில் எது 'சரி' என்று வாதாட எல்லை நல்ல இடமல்ல. இரட்டை அம்புக்குறிக்கு முன் இருப்பது குடும்பப் பெயர், பின் இருப்பது இடுபெயர், பயணச்சீட்டிலும் அப்படியே. முதலெழுத்தை மட்டும் போட்டுச் சுருக்கக் கூடாது. நீண்ட பெயர் 39 இடத்துக்குள் அடங்காமல் முதல் வரியில் வெட்டப்பட்டிருந்தால், மேலே அச்சிட்டுள்ள முழுப் பெயரை எழுதுங்கள்.

கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், விமான நிறுவனத்தின் படிவம் இரண்டாவது கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். அதே பெயரை இருமுறை எழுதுவதா, வேறு குறி போடுவதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முகவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் நிறுவனத்திடமே கேளுங்கள். பயணச்சீட்டில் பெயரின் கடைசியில் திரு, திருமதிக்கான ஆங்கில எழுத்துகள் இடைவெளியின்றி ஒட்டியிருப்பது பிழையல்ல, முன்பதிவுக் கணினியின் வழக்கம். உண்மையான பிழை இருந்தால் புறப்படும் நாளுக்கு விடாதீர்கள். ஒரு நிறுவனம் விற்று இன்னொரு நிறுவனம் பறக்கும் பயணமென்றால், விற்றவர் திருத்தியது பறப்பவரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவர்களிடமும் பார்க்க வேண்டும்.

இலங்கையின் இலத்திரனியல் பயண அனுமதிக்கு அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் கூடுதல் பணம் வாங்குவதோடு, உங்கள் விவரங்களைத் தட்டச்சு செய்வதும் அவர்களே. பிழை அங்கே நுழைகிறது. விண்ணப்பம் கிடைத்தது என்று வரும் மின்னஞ்சல் அனுமதியல்ல. ஒப்புதல் என்று தனியாக வருவதே அனுமதி. அது வந்ததும் வீட்டில் இன்னொருவர் வாசிக்க, நீங்கள் கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். எழுதியவரின் கண்ணுக்கு அவருடைய பிழை தெரியாது. அனுமதி கடவுச்சீட்டு இலக்கத்தோடு கட்டப்பட்டது. இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புதிய இலக்கத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

தொலைந்ததாக முறையிட்ட கடவுச்சீட்டு பிறகு அலுமாரியில் கிடைத்தால் அதைத் தொடவே வேண்டாம். அதன் இலக்கம் இன்டர்போலின் தொலைந்த ஆவணத் தரவுத்தளத்துக்குப் போயிருக்கும். 2002 இல் தொடங்கிய அந்தப் பட்டியலை உலகெங்குமுள்ள எல்லைச் சாவடிகள் பார்க்கின்றன. நல்ல நிலையில் உள்ள கடவுச்சீட்டையும் பேணுங்கள்: அதனுள் பதித்திருக்கும் மின்னணுச் சில்லைத் திறக்கும் சாவி, அச்சிட்ட இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றிலிருந்தே பொதுவாக உருவாகிறது. கீழ்வரிகள் தண்ணீரில் கரைந்திருந்தால் நல்ல சில்லையும் தானியங்கி வாயிலால் திறக்க முடியாது.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் எந்தக் கடவுச்சீட்டில் நாட்டுக்குள் நுழைந்தார்களோ அதிலேயே வெளியேற வேண்டும். மாற்றிக் காட்டினால் வெளியேறுபவருக்கு நுழைந்த பதிவே இருக்காது. கனடியக் குடியுரிமையும் உள்ளவர்கள் திரும்பும் விமானத்தில் ஏற, காலாவதியாகாத கனடியக் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் இரண்டு பயணச்சீட்டைத் தனித்தனியே வாங்கியிருந்தால், சென்னையில் பெட்டிகளை எடுத்து மறுபடி பதிய வேண்டிவரும். அதற்கு இந்தியக் குடிவரவைக் கடந்தாக வேண்டும், எனவே இந்திய விசா தேவை. திரும்பும்போதும் சென்னை என்றால் அது இரண்டாவது நுழைவு. ஒருமுறை நுழையும் விசா போதாது.

கப்பலில் பெட்டி அனுப்புவோருக்கும் இதே பெயர்ப் பாடம்தான். இலங்கைச் சுங்கம் ஐ.நா. வர்த்தக அபிவிருத்தி மாநாடு உருவாக்கிய அசிக்குடா வேர்ல்ட் என்ற மென்பொருளில் இயங்குகிறது. கப்பல் ஆவணத்தில் பெறுநர் பெயர் அண்ணாவின் அழைப்புப் பெயராகவும், மீட்க வருபவரின் கடவுச்சீட்டில் வேறாகவும் இருந்தால், சரக்கு களஞ்சியத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். பெட்டிக்கு இலக்கமிட்டு, உள்ளே என்ன, எத்தனை, புதிதா பாவித்ததா, பெறுமதி எவ்வளவு என்று பெட்டிவாரியாகப் பட்டியல் போடுங்கள். 'வீட்டுச் சாமான்' என்று மட்டும் எழுதினால் அலுவலர் பெட்டியை உடைத்துத்தான் பார்ப்பார். ஒரே வகைப் புதுப்பொருள் டசின்கணக்கில் இருந்தால் அன்பளிப்பென்று சொல்வது கடினம். அது வணிக இறக்குமதியாகக் கணிக்கப்படலாம். பட்டியலின் ஒரு பிரதி பெட்டிக்குள், ஒன்று முகவரிடம், ஒன்று உங்கள் கைப்பையில்.