பினாங்கில் விடுமுறை வீடு வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியாவின் பினாங்குத் தீவில் தஞ்சோங் தோக்கோங், கர்னி டிரைவ், பத்து ஃபிரிங்கி பக்கம் கடல் தெரிகிற மாதிரி ஒரு கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கிவிட்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்துபோகும் தமிழர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் தொடங்கிய பிறகு வந்துபோவதும் சுலபமாகிவிட்டது. புதிதாகச் சாவி வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வீட்டுப் பத்திரம் வேறு, தங்கும் அனுமதி வேறு. பத்து லட்சம் ரிங்கிட் கொடுத்து வாங்கியிருந்தாலும் குடிநுழைவுத் துறையின் முகப்பில் நீங்கள் சுற்றுலாப் பயணிதான். வீடு இருப்பதற்காக ஒரு நாள்கூட கூடுதலாகத் தரமாட்டார்கள்.

எத்தனை நாள் தங்கலாம் என்பது உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா இல்லாமல் 30 நாள். இந்தச் சலுகை 2023 டிசம்பரில் வந்தது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 90 நாள். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் மின்விசா எடுத்துவிட வேண்டும். எந்தக் கடவுச்சீட்டாக இருந்தாலும் அதில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கட்டும்.

மின்னிலக்க வருகை அட்டை என்று ஒன்று உண்டு. வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது இடைத்தரகர் தளம், மூடிவிடுங்கள். தங்கும் முகவரி என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரியையே எழுதலாம். அதிகாரி கேட்டால் காட்ட வீட்டு வரி ரசீதின் நகல் ஒன்றும், திரும்பிப் போகும் டிக்கெட்டும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

30 நாள் முடிந்ததும் தாய்லாந்தின் ஹாட்யாய் அல்லது சிங்கப்பூர் போய்த் திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். உள்ளே விடுவதும் விடாததும் அந்த அதிகாரியின் கையில் இருக்கிறது. அடிக்கடி முத்திரை விழுந்த கடவுச்சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. நாள் கடந்து தங்குவது அதைவிட மோசம். அது குற்றம், சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

நீண்ட நாள் இருக்க விரும்பினால் முறையான வழி ‘மலேசியா மை செகண்ட் ஹோம்’ திட்டம். 2024இல் விதிகளை மாற்றி மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். வெள்ளி நிலைக்கு 1,50,000 அமெரிக்க டாலர் நிரந்தர வைப்பும் 6 லட்சம் ரிங்கிட் வீடும் வேண்டும், ஐந்தாண்டு அனுமதி கிடைக்கும். தங்க நிலைக்கு 5 லட்சம் டாலர், 10 லட்சம் ரிங்கிட் வீடு, 15 ஆண்டு. பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர், 20 லட்சம் ரிங்கிட் வீடு, 20 ஆண்டு. ஐம்பது வயதுக்குக் கீழே என்றால் ஆண்டுக்கு 90 நாள் இங்கே இருந்தாக வேண்டும். இந்தத் திட்டத்தில் வாங்கும் வீட்டைப் பத்தாண்டு விற்க முடியாது. அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறலாம். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வந்துபோகிறவருக்கு இவ்வளவு பணத்தை முடக்குவது தேவையில்லை என்பது என் கருத்து.

இன்னும் வாங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா? அப்படியானால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். வெளிநாட்டவர் வாங்க மாநில அரசின் ஒப்புதல் கட்டாயம். அது வர மாதக்கணக்கில் ஆகலாம். கோலாலம்பூரில் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட். பினாங்கில் தீவுக்கு ஒரு விலை, பெருநிலத்துக்கு ஒரு விலை, தரைவீட்டுக்கு வேறு, அடுக்குமாடிக்கு வேறு. அவ்வப்போது மாறும் என்பதால் வாங்கும் மாதத்து நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாற்ற முத்திரை வரி வெளிநாட்டவருக்கு 2024 முதல் 4 விழுக்காடாக இருந்தது. குடியிருப்பு வீடுகளுக்கு அதை 2026 ஜனவரி முதல் 8 ஆக்கிவிட்டார்கள். பட்ஜெட் போடும்போது இந்தத் தொகையை மறந்துவிடுகிறவர்கள்தான் கடைசியில் தடுமாறுகிறார்கள்.

சரி, வீடு கைக்கு வந்துவிட்டது. நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களிலும் அந்த வீட்டின் பெயரில் பில் வந்துகொண்டே இருக்கும். மாநகர் மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு முறை: முதல் பாதி பிப்ரவரி கடைசிக்குள், இரண்டாம் பாதி ஆகஸ்ட் கடைசிக்குள். நில வரி மே 31க்குள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறவர்கள் அந்தப் பயணத்திலேயே கொம்தார் கட்டடத்தில் உள்ள மாநகர் மன்ற முகப்பில் முதல் பாதி வரியைக் கட்டி, கணக்கு எண்ணைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு போனால் அடுத்ததை இணையத்தில் கட்டிவிடலாம். மின்சாரம், தண்ணீர், இண்டா வாட்டர் (கழிவுநீர்க் கட்டணம்) மூன்றும் உங்கள் பெயருக்கு மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் துண்டிப்பு அறிவிப்பு அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதிகம் பேர் அசட்டையாக இருப்பது பராமரிப்புக் கட்டணத்தில்தான். "நான் இங்கே இருப்பதே இல்லையே, நீச்சல் குளத்தில் கால்கூட வைக்கவில்லையே" என்று கேட்பார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். பாக்கி வைத்தால் நுழைவு அட்டையை முடக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். பாக்கிக்காரர் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஆண்டுக் கூட்டத்தில் வாக்கும் போய்விடும். நள்ளிரவில் குழந்தைகளோடு விமானம் இறங்கி வந்து, லிஃப்ட் அட்டை வேலை செய்யாமல் கீழே நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். வங்கியில் மாதாமாதம் தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

காலியாகக் கிடக்கும் நாளில் ஏர்பிஎன்பி தளம் வழியாகச் சில நாள் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். கோலாலம்பூரின் மொன்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில், குறுகிய கால வாடகையை நிர்வாகக் குழு தடைசெய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பு சொல்லிவிட்டது. பினாங்கிலும் 2023இலிருந்து குடியிருப்பு அடுக்குமாடிகளில் கட்டுப்பாடு கடுமை. ஆகவே உங்கள் கட்டடத்தின் துணைவிதியைப் படிக்காமல் இறங்காதீர்கள். நீண்ட கால வாடகைக்கு விட்டாலும் வருமான வரி உண்டு: ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருப்பவருக்கு நிகர வாடகையில் 30 விழுக்காடு, கணக்கு ஏப்ரல் 30க்குள்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு அங்கேயும் ஒரு வேலை இருக்கிறது. பணம் அனுப்ப ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. அப்புறம், வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்த வீட்டை ஒவ்வோர் ஆண்டும் காட்ட வேண்டும், வாடகை வந்தாலும் வராவிட்டாலும். விட்டுவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இங்கே நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் கையெழுத்திட்டால் நோட்டரி அல்லது மலேசியத் தூதரகம் வழியாகச் சான்று பெற்று, இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். பொது அதிகாரம் என்று அகலமாக எழுதாமல், பில் கட்டுவது, பழுது பார்ப்பது, ஆண்டுக் கூட்டத்துக்குப் போவது என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்கவே வேண்டாம். விற்கும் காலம் வந்தால் நீங்களே வாருங்கள்: ஐந்தாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, அதன் பிறகு 10. வாங்குபவர் விலையில் 7 விழுக்காட்டைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிடுவார், மீதி இருந்தால் பிறகு உங்களுக்குத் திரும்பும்.

உயிலையும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வீட்டுக்கு மட்டும் மலேசியாவில் தனியாக ஓர் உயில் எழுதி, அது உங்கள் ஊர் உயிலை ரத்து செய்யாதபடி வாசகம் அமைக்கச் சொல்லி, மூலத்தை வழக்கறிஞரிடம் வைத்துவிட்டு, நகல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.