டெல்டா ஊர்களில் பிரிட்ஜ் மேஜை போடுவது எப்படி: ஏலம் பின்னால், ஒழுங்கு முன்னால்

காவிரி டெல்டாவில் சீட்டு தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கும்பகோணமோ மன்னார்குடியோ, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ரம்மி, கழுதை, இருபத்தெட்டு என்று ஏதாவது ஒன்று ஓடும். அப்படியிருந்தும், நான்கு பேர் இரண்டு ஜோடியாக ஆடுகிற போட்டி பிரிட்ஜுக்கு எட்டுப் பேர் சேர்வதே கஷ்டமாக இருக்கிறது. சொல்லித்தருகிற முறைதான் வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறது. எத்தனை எடுப்போம், எது துருப்பு என்று போட்டி போட்டுக் கேட்கிற ஏல முறை முழுவதையும் முதல் நாளே தலையில் இறக்குகிறோம். ஒழுங்கு விதிகளைப் 'போகப் போகப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறோம். வரிசையை மாற்றுங்கள். ஒழுங்கை முதல் நாளில் தொடங்குங்கள், ஏலத்தை ஐந்தாம் வாரம்வரை தொடாதீர்கள்.

ஆள் சேர்க்கும்போது முதலில் வருகிற கேள்வி, 'சீட்டாட்டமா?' என்பதுதான். நியாயமான கேள்வி, சீட்டில் பணம் விட்ட குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. வீட்டாரிடமும் தலைமையாசிரியரிடமும் இரண்டு செய்திகளைச் சொல்லலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆண்கள் இரட்டையர் தங்கத்தைப் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி இந்தியாவுக்கு வாங்கித் தந்தது. இரண்டாவது, 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்று சொன்னபோது, அதில் உள்ள அதிர்ஷ்டத்தை பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது இருக்கிற அதிர்ஷ்டத்தோடுதான் ஒப்பிட்டது. அதே தீர்ப்பு, பந்தயம் வைத்த ஆட்டத்தில் கிளப் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. ஆகவே 'பணம் வைத்து ஆடக் கூடாது' என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். டீ, சீட்டுக்கட்டு செலவுக்கு ஆளுக்கு ஒரே தொகை வாங்கி, கணக்கை அதே சுவரில் ஒட்டுங்கள். ஏற்கெனவே பணம் வைத்து ரம்மி ஓடுகிற மனமகிழ் மன்றத்தில் புதியவர்களுக்கு வகுப்பு வேண்டாம். வாடகை இல்லாமல் கிடைத்தாலும் வேண்டாம். பெண்களும் மாணவர்களும் அந்த வாசலைத் தாண்டி வர மாட்டார்கள்.

தொடங்க நல்ல காலம் சம்பா அறுவடை முடிந்த பிறகு, மாசி தொடங்கிச் சித்திரை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பித்தால் மூன்றாம் வாரமே பாதிப் பேர் வர மாட்டார்கள். ஞாயிறு மதியம் 2:30 முதல் 5:30 வரை வைத்தால் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் இருட்டுமுன் வீடு திரும்பலாம். நாள் குறிக்குமுன் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். பெரிய முகூர்த்த நாளில் வகுப்பு வைத்தால் ஆளும் இருக்காது, கூடமும் கிடைக்காது.

சாமான்கள்

ஒரு மேஜைக்கு நான்கு பேர். 80 முதல் 90 செ.மீ. சதுர மேஜை போதும். பாயில் உட்கார்ந்து ஆட வேண்டாம். குனிந்து நிமிரும்போது பக்கத்து ஆளின் சீட்டு தெரியும். மேஜைமேல் பழைய ஜமுக்காளத்தை வெட்டி இழுத்துக் கட்டினால் சீட்டு வழுக்காது, எடுக்கவும் வரும். காகிதச் சீட்டு நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் சில வாரத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் சீட்டு விலை கூடினாலும் பல மடங்கு உழைக்கும். மேஜை நேராக மின்விசிறிக்குக் கீழே வரக் கூடாது. டம்மி (ஆடுகிறவரின் பார்ட்னர்) திறந்து பரப்பிய சீட்டு ஒன்று பறந்து கவிழ்ந்தால் அந்த ஆட்டமே கலையும்.

போட்டி பிரிட்ஜின் உயிர், ஒரே சீட்டை எல்லா மேஜையும் ஆடுவதில் இருக்கிறது. அதற்கு 'போர்டு' வேண்டும்: 13 சீட்டு வீதம் நான்கு பைகளில் வைத்து அடுத்த மேஜைக்கு அனுப்புகிற தட்டு. கடையில் வாங்கலாம், உள்ளூர்த் தையல்காரரிடமும் தைத்துக்கொள்ளலாம். 25 செ.மீ. சதுரக் கெட்டி அட்டைக்குத் துணி உறை போடுங்கள். நான்கு பக்கத்தின் நடுவிலும் 7.5 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. ஆழத்தில் ஒரு பை. வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். சீட்டின் நீளம் ஏறக்குறைய 8.8 செ.மீ. என்பதால் ஒரு செ.மீ.க்கு மேல் வெளியே நிற்கும், இழுக்க வசதி. நடுவில் மிஞ்சுகிற 10 செ.மீ. சதுரத்தில் போர்டு எண், திசைகள், டீலர் (ஏலத்தைத் தொடங்குபவர்), வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடுகிற தரப்பு) ஆகியவற்றை எழுதுங்கள். முதல் போர்டு: டீலர் வடக்கு, யாரும் வல்னரபிள் இல்லை. இரண்டாவது: கிழக்கு, வடக்கு–தெற்கு வல்னரபிள். மூன்றாவது: தெற்கு, கிழக்கு–மேற்கு. நான்காவது: மேற்கு, இரு தரப்பும். வல்னரபிள் பக்கத்துக்குச் சிவப்பு நூல் தைத்துவிட்டால் எழுத்து அழிந்தாலும் கவலையில்லை.

ஏலம் எழுதிய அட்டைகள் கொண்ட ஏலப் பெட்டி வாங்க முடியாவிட்டால் நான்கு பத்தி போட்ட காகிதத்தில் அவரவர் தம் கேள்வியை (ஏலத்தில் கேட்பதை) எழுதட்டும். வாயால் கேட்கிற ஏலத்தை முதலிலிருந்தே ஒதுக்குங்கள். 'ரெண்டூ… ஸ்பேடு' என்று இழுப்பதற்கும் 'ரெண்டு ஸ்பேடு!' என்று வெட்டிச் சொல்வதற்கும் நடுவில் பாதிக் கையைச் சொல்லிவிடலாம்.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் துருப்பே வேண்டாம். 13 டிரிக் (ஆளுக்கு ஒரு சீட்டாக நான்கு சீட்டு சேர்ந்தது ஒரு டிரிக்), முதலில் போட்ட இனத்தையே போட வேண்டும், பெரிய சீட்டு ஜெயிக்கும், அவ்வளவுதான். இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு சங்கடம் வரும்: அங்கே ஜாக்கியும் ஒன்பதும்தான் பெரிசு. 'ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து' என்ற வரிசையை அட்டையில் எழுதி மேஜைமேல் வையுங்கள். சீட்டை நடுவில் வீசுகிற பழக்கத்தையும் அன்றே நிறுத்த வேண்டும். அவரவர் சீட்டு அவரவர் முன்னால். தம் தரப்பு ஜெயித்தால் நெடுக்காக, தோற்றால் குறுக்காகக் கவிழ்க்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால்தான் பின்னால் சண்டை வரும்போது 13 டிரிக்கையும் திரும்பப் பார்க்க முடியும்.

இரண்டாம் வாரம் புள்ளி: ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. மொத்தம் 40. அவரவர் தம் புள்ளியைச் சொல்ல, அதிகம் உள்ள ஜோடியில் அதிகம் உள்ளவர் ஆடுவார், பார்ட்னர் டம்மியாகச் சீட்டைப் பரப்புவார். மூன்றாம் வாரம் டம்மியைப் பார்த்துத் துருப்பைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு கையிலும் சேர்த்து எட்டுச் சீட்டு உள்ள இனம் இருந்தால் அது துருப்பு. 25 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் கேம் (போனஸ் கிடைக்கிற பெரிய கணக்கு), குறைந்தால் சின்னக் கணக்கு. நான்காம் வாரம் அதே சீட்டை இரண்டு மேஜையில் ஆடவிட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'நமக்குச் சீட்டு வரலை' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதே மோசமான சீட்டில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு டிரிக் கூட எடுத்ததைப் பார்த்ததும் அடுத்த வாரம் தானாக வருவார். புதியவரைப் பிடித்து நிறுத்த இதைவிட நல்ல வழி கிடையாது.

ஏலம் அதற்கு அப்புறம். 12 புள்ளிக்கு ஏலத்தைத் திறப்பது, ஐந்து சீட்டு இருந்தால் ஸ்பேடோ ஆர்ட்டினோ கேட்பது, சமமான கையில் 15 முதல் 17 புள்ளிக்கு ஒரு நோ டிரம்ப் (துருப்பில்லாத ஆட்டம்): ஆறு மாதத்துக்கு இது போதும்.

ஜாடை

நம் ஊர்ச் சீட்டில் ஜாடை ஆட்டத்தின் ஒரு பகுதி. கண்ணடிப்பது, தொண்டையைச் செருமுவது, சீட்டை ஓங்கிப் போடுவது எல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பிரிட்ஜில் பார்ட்னருக்குப் போகிற செய்தி கேட்ட கேள்வியிலும் போட்ட சீட்டிலும் மட்டும்தான் இருக்க வேண்டும். ஜோடிக்குள் ரகசிய ஒப்பந்தமும் கூடாது. உங்கள் ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்று எதிரணி கேட்டால் பார்ட்னர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உலக அளவில்கூட இது மீறப்பட்டிருக்கிறது. 2013 பாலி உலகப் போட்டியின் மூத்தோர் பிரிவில் இருமலை வைத்துச் செய்தி சொன்ன ஜோடி மாட்டியது. 2015-ல் போர்டை மேஜையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதே ஜாடையாக இருந்தது வீடியோவில் வெளிப்பட்டது. புதியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். போர்டை ஏன் நடுவிலிருந்து நகர்த்தக் கூடாது என்பது அப்புறம் விளக்காமலே புரியும்.

திட்டமிட்டு ஏமாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. அன்றாடம் வருகிற சிக்கல் யோசனை நேரம். இந்த ஏலத்தை மேஜையில் போட்டுக் காட்டுங்கள். தெற்கு ஒரு ஸ்பேடு, மேற்கு இரண்டு ஆர்ட்டின், வடக்கு இரண்டு ஸ்பேடு, கிழக்கு மூன்று ஆர்ட்டின். தெற்கு வெகுநேரம் யோசித்து பாஸ் சொல்கிறார். மேற்கும் பாஸ். வடக்கு கையில் மூன்று ஸ்பேடு, ஏழு புள்ளி, சாதாரணக் கை. இப்போது அவர் மூன்று ஸ்பேடு கேட்கலாமா? கூடாது. தெற்கு அவ்வளவு நேரம் யோசித்ததிலிருந்தே அவரிடம் கொஞ்சம் கூடுதல் பலம் இருப்பது தெரிந்துவிட்டது. அந்தச் செய்தி ஏலத்தில் வந்ததல்ல. பாஸ் சொல்வது நியாயமான வழியாக இருக்கும்போது, யோசனை காட்டிக்கொடுத்த வழியை எடுக்க விதி இடம் தரவில்லை. மூன்று ஸ்பேடு கேட்டு அது ஜெயித்தால் டைரக்டர் (ஆட்ட நடுவர்) முடிவை மூன்று ஆர்ட்டினுக்கே திருப்பிவிடுவார். அதே வடக்கிடம் நான்கு ஸ்பேடு, ஒன்பது புள்ளி, ஒரே ஒரு ஆர்ட்டின் என்றால் கதை வேறு. எவரும் கேட்கிற கை, அவரும் கேட்கலாம்.

இதில் இரண்டைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். யோசிப்பது குற்றமே இல்லை. புதியவர் நிதானமாக யோசிக்கட்டும். பார்ட்னர் அதைப் பயன்படுத்துவதுதான் தவறு. ஆனால் கையில் ஒரே ஒரு டைமண்ட் இருக்கும்போது, டைமண்ட் போட்டதும் யோசிப்பதுபோல நிற்பது எதிரணியை ஏமாற்றுவது. அதற்கு மன்னிப்பு இல்லை. 'ஸ்டாப்' அட்டை வைத்து, ஏலத்தில் படி விட்டுத் தாவிக் கேட்டால், அடுத்தவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பத்து விநாடி காத்திருந்துதான் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே நேரம் எடுத்தால் நேரத்திலிருந்து யாரும் எதையும் படிக்க முடியாது.

வேடிக்கை பார்ப்பவர்கள் நம் ஊரில் நிச்சயம் வருவார்கள். ஒருவர் பின்னால் நாற்காலி போட்டு உட்காரட்டும். ஆட்டம் முடியும்வரை ஒரு சொல்லும் வேண்டாம், தவறு கண்டாலும் வேண்டாம். ஆடி முடித்த போர்டைப் பற்றி உரக்கப் பேசுவதும் இதே குற்றம்தான். அந்தச் சீட்டை அடுத்த மேஜை இன்னும் ஆடவில்லை.

பார்ட்னரை எல்லார் முன்னாலும் திட்டுகிறவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் அவரை அந்த வாரம் உட்காரவையுங்கள். புதியவர் ஒருவர் கண் கலங்கி எழுந்து போனால் அவரோடு இன்னும் மூன்று பேர் போவார்கள்.

தவறு நடந்தால்

யார் கண்டாலும் ஆட்டத்தை நிறுத்தி டைரக்டரைக் கூப்பிட வேண்டும். மேஜைக்குள்ளேயே பேசித் தீர்க்கக் கூடாது. 'டைரக்டர்' என்று கூப்பிடுவது புகார் அல்ல, அம்பயரைப் பார்ப்பது மாதிரிதான் என்று முதல் நாளே பழக்குங்கள். முடிந்தால் டைரக்டர் அன்று ஆடாமல் இருக்கட்டும்.

அதிகம் வருவது ரிவோக்: கையில் இனம் இருந்தும் வேறு சீட்டைப் போடுவது. ஆர்ட்டினையும் டைமண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதுதான் பெரும்பாலும் காரணம். கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று அடுக்கச் சொல்லுங்கள். தவறிய தரப்பு அடுத்த டிரிக்குக்குச் சீட்டுப் போடுமுன் தெரிந்தால் திருத்தலாம். அதன் பிறகு என்றால், ரிவோக் செய்தவரே அந்த டிரிக்கை ஜெயித்து, பின்னாலும் அவர்கள் தரப்பு ஒன்றாவது எடுத்திருந்தால் இரண்டு டிரிக் கைமாறும். மற்றபடி, அந்த டிரிக்கிலிருந்து ஒன்றாவது எடுத்திருந்தால் ஒரு டிரிக். இந்தக் கணக்கில் எதிரணிக்கு நஷ்டம் மிஞ்சினால் டைரக்டர் மேலும் சரிசெய்யலாம்.

முதல் சீட்டை எப்போதும் கவிழ்த்து இறக்கச் செய்தால் ஆள் மாறி இறக்குகிற தவறு பாதிக்கு மேல் குறையும். போர்டிலிருந்து எடுத்ததும், முகத்தைப் பார்க்குமுன், 13 இருக்கிறதா என்று எண்ண வேண்டும். 12 சீட்டோடு ஏலம் முடித்துவிட்டால் அந்தப் போர்டு பெரும்பாலும் பாழ்.

மேஜை சுழற்சியும் புள்ளியும்

ஐந்து மேஜை மிக வசதி. வடக்கு–தெற்கு நகராது, ஒவ்வொரு சுற்றும் கிழக்கு–மேற்கு அடுத்த எண் மேஜைக்கு, போர்டு முந்தைய எண் மேஜைக்கு. சுற்றுக்கு 3 போர்டு, 5 சுற்று, மொத்தம் 15. புதியவர்களுக்குப் போர்டுக்குப் பத்து நிமிடம் வைத்தால் இரண்டரை மணி நேரம். ஆறு மேஜை என்றால் மூன்றாம் சுற்று முடிந்ததும் கிழக்கு–மேற்கு ஒரு மேஜையைத் தாண்டிப் போக வேண்டும், ஐந்து சுற்றோடு நிறுத்த வேண்டும். தாண்டாவிட்டால் ஏற்கெனவே ஆடிய போர்டே எதிரில் வரும். நான்கு மேஜைக்கு, எல்லா ஜோடியும் ஒன்றையொன்று சந்திக்கிற ஹவல் முறை, ஏழு சுற்று, சுற்றுக்கு இரண்டு போர்டு.

புள்ளியைப் பலகையில் எல்லார் முன்னாலும் போடுங்கள். முதல் போர்டில் ஐந்து மேஜையிலும் வடக்கு–தெற்கு ஜோடிகள் எடுத்த எண்கள் 450, 420, 420, 170, மைனஸ் 50 என்று வைப்போம். தோற்கடித்த ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமனுக்கு 1. ஆக 8, 5, 5, 2, 0. கூட்டினால் 20 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. 170 எடுத்தவர் பத்து டிரிக் எடுத்தும் இரண்டு ஸ்பேடோடு நின்றவர் என்று காட்டுங்கள். ஏலம் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே அவர்களிடமிருந்தே வரும்.

இடைவெளி நாட்களில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பழகலாம். ஆறேழு மாதம் ஆனதும் விருப்பமுள்ள ஜோடியை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புங்கள். இந்திய பிரிட்ஜ் கூட்டமைப்பும் தமிழ்நாடு பிரிட்ஜ் சங்கமும் வெளியிடுகிற அறிவிப்பை முன்கூட்டியே பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஏல முறையை எழுதிய அட்டையை ஜோடியில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப்போகட்டும். இரண்டிலும் ஒரே விவரம் இருக்க வேண்டும். செல்போனை அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும், சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தால் போதாது. யாராவது விதியைச் சொல்லி மிரட்டினால் பதில் பேசாமல் கையைத் தூக்கி டைரக்டரைக் கூப்பிடச் சொல்லி அனுப்புங்கள்.