பெரிய தொடுதிரையில் குழுவாக வரைய: தொட்ட இடத்திலேயே கோடு விழச் செய்வது எப்படி?

எங்கள் கூட்ட அறைக்கு 75 அங்குலத் தொடுதிரை வந்து இரண்டு வாரம் ஆகியும் அதில் ஸ்லைடு மட்டும்தான் ஓடியது. பெரிய திரையைத் தொட்டால் கர்சர் லேப்டாப்பில் நகரும். பெரிய திரையில் ஒரு கோடு விழாது. அதைச் சரிசெய்த வழி இது. விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேபிள். ஹெச்டிஎம்ஐ படத்தையும் ஒலியையும் மட்டுமே கொண்டுபோகும். விரல் பட்ட இடம் லேப்டாப்புக்குத் தெரிய யூஎஸ்பி கேபிள் தனியாக வேண்டும். திரையில் 'டச்' என்று எழுதியிருக்கும் துளையில் அதைச் செருகுங்கள்.

அடுத்து, விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்கள். 'டூப்ளிகேட்' கொடுத்தால் உங்கள் மெயில் பாக்ஸும் எல்லோருக்கும் தெரியும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த படியில்தான். எந்தத் திரையைத் தொடுகிறோம் என்பது விண்டோஸுக்குத் தானாகத் தெரிவதில்லை. ஸ்டார்ட் மெனுவில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறந்து, 'செட்டப்' அழுத்தி, 'டச் இன்புட்' தேர்ந்தெடுங்கள். ஒரு திரை வெள்ளையாகி, தொடச் சொல்லும். அது லேப்டாப் திரையாக இருந்தால் தொடாமல் 'என்டர்' தட்டுங்கள். அடுத்து பெரிய திரை வெள்ளையாகும், அதைத் தொடுங்கள். லேப்டாப்பும் தொடுதிரை என்றால் அதன் முறை வரும்போது அதையும் தொட வேண்டும்.

வரைவதற்கு என் தேர்வு எக்ஸ்காலிட்ரா (Excalidraw) என்ற ஆன்லைன் வரைபலகை. லாகின் வேண்டாம், பிரவுசர் போதும். 'ஷேர்' அழுத்தி லைவ் அமர்வு தொடங்கி, லிங்கை குழு வாட்ஸ்அப்பில் போடுங்கள். முழுசாக காப்பி செய்யுங்கள். கடைசியில் கமாவுக்குப் பின் வரும் எழுத்துகள்தான் சாவி, அது விடுபட்டால் படம் திறக்காது. கருவிப் பட்டையில் இருக்கும் பூட்டையும் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பெட்டி வரைந்ததும் கருவி மாறிவிடும், பெரிய திரையில் அதற்காகக் கை நீட்டி நீட்டியே அலுத்துவிடும். திரையில் ஒருவர் வரையட்டும், எழுத்தை மற்றவர்கள் அவரவர் லேப்டாப்பிலிருந்து அடிக்கட்டும்.

முடிந்ததும் கோப்பாகச் சேமியுங்கள். ஜாம்போர்டு என்ற தன் வரைபலகைச் செயலியை கூகுள் 2024 டிசம்பர் 31-ல் மூடியதைப் பார்த்த பிறகு, ஒரு பிரதி என் கையில் இல்லாமல் நான் அறையை விட்டு வருவதில்லை.

பின்சேர்க்கை: தொடுதல் விட்டுவிட்டு வேலை செய்வதாக இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இருவரும் போட்டிருந்தது 10 மீட்டர் யூஎஸ்பி கேபிள். சாதாரணக் கேபிள் 5 மீட்டருக்கு மேல் தாங்காது. தூரம் அதிகமென்றால் சிக்னலை வலுப்படுத்தும் 'ஆக்டிவ்' கேபிள் கேட்டு வாங்குங்கள். மேக்கில் தொடுதலுக்கு திரைத் தயாரிப்பாளரின் டிரைவர் தேவைப்படும்.