கிளியல் கலங்கள்: உயர்தர மாணவர் அடிக்கடி விடும் பிழைகள்

நரம்புக்கலங்களுக்குத் துணை நிற்கும் கிளியல் கலங்களில் பரீட்சைப் புள்ளி பறிபோகும் முதல் இடம், ஒலிகோடெண்ட்ரோசைற்றையும் சுவான் கலத்தையும் மாற்றி எழுதுவது. இரண்டும் நரம்புக்கலத்தின் நீண்ட நாரான அக்சனுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போடுபவைதான். ஆனால் மூளையிலும் முண்ணாணிலும் அந்த வேலை ஒலிகோடெண்ட்ரோசைற்றுடையது. கை, கால்களுக்கு ஓடும் நரம்புகளில் சுவான் கலத்துடையது. பார்வை நரம்பில் கவனம் வேண்டும். அது மைய நரம்புத் தொகுதியின் நீட்சி என்பதால் அங்கே இருப்பது ஒலிகோடெண்ட்ரோசைற்.

படம் கீறும்போதும் இதே குழப்பம் வரும். ஒரு சுவான் கலம் ஒரே அக்சனின் ஒரு துண்டைத்தான் சுற்றும். அதன் கருவை உறையின் வெளி ஓரத்தில் கீறுங்கள். ஒலிகோடெண்ட்ரோசைற்றின் உடல் அக்சனை விட்டு விலகி நிற்கும். அதன் முளைகள் 50 துண்டுகள் வரை உறை போடக்கூடியவை. உறையை இடைவிடாமல் கீறினால் உறைத் துண்டுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியான ரன்வீயர் கணு காணாமல் போய்விடும். எல்லாச் சுவான் கலமும் மயலின் போடும் என்பதும் பிழை: மெல்லிய அக்சன்கள் பலவற்றை ஒரே கலம் மயலின் இல்லாமலே அணைத்து வைத்திருக்கும்.

மாந்தீவு தொழுநோய் வைத்தியசாலையை மட்டக்களப்பில் கேள்விப்படாதவர் குறைவு. அந்த நோயின் பற்றீரியா குடியேறும் முக்கிய இடம் சுவான் கலம். அதனால்தான் முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடிக்கிறது, விரல் விறைக்கிறது, சூடு பட்டாலும் தெரிவதில்லை. சுவான் கலம் இல்லாத மூளையும் முண்ணாணும் தப்பிவிடுகின்றன. நோய் மருந்தால் குணமாகும், ஆனால் பிந்தினால் இழந்த உணர்வு திரும்பாமல் போகலாம். தோலில் உணர்வில்லாத வெளிறிய படை கண்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அஸ்ட்ரோசைற்றை ‘தாங்கும் கலம்’ என்று எழுதி நிறுத்துவது போதாது. அது கலங்களுக்கு வெளியே சேரும் பொற்றாசியம் அயனையும், நரம்புக்கலங்கள் சந்திக்கும் சினாப்ஸில் மிஞ்சும் குளுத்தமேற் என்ற தூண்டும் இரசாயனத்தையும் உள்ளெடுக்கிறது. குளுத்தமேற் தேங்கினால் நரம்புக்கலங்கள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு இறந்துபோகும். குருதியிலுள்ளவை மூளைக்குள் தாராளமாகப் புகாமல் தடுக்கும் குருதி–மூளைத் தடையின் சுவரும் அஸ்ட்ரோசைற் அல்ல. குருதி மயிர்க்குழாயை உள்ளே போர்த்தும் அகவணிக் கலங்களுக்கு இடையேயுள்ள இறுக்கமான சந்திகளே அந்தச் சுவர். அஸ்ட்ரோசைற்றின் பாதங்கள் சுற்றி நின்று அவற்றைப் பேணுகின்றன.

மைக்ரோகிளியா மற்றக் கிளியல் கலங்களோடு பிறந்ததல்ல. முளையத்தின் கருவூண் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறிய தின்கலம் அது. எபெண்டைமல் கலம் மூளை அறைகளின் உட்சுவரிலும், சற்றலைற் கலம் மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே நரம்புக்கல உடல்கள் கூடியிருக்கும் நரம்புத்திரட்டுகளிலும் இருக்கும். இடத்தை மாற்றாமல் எழுதினால் போதும்.

‘நரம்புக்கலத்தைவிடக் கிளியல் கலம் 10 மடங்கு’ என்பதைப் பழைய குறிப்புக் கொப்பியிலிருந்து வெட்டிவிடுங்கள். 2009இல் வெளியான எண்ணிக்கைப்படி மனித மூளையில் நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி. மற்றக் கலங்கள் எல்லாம் சேர்ந்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.