பழைய பாராகார்டை மறுபடி பயன்படுத்துவது எப்படி?

பாராகார்டு என்பது உள் இழைகளின் மேல் பின்னிய உறை போட்ட மெல்லிய நைலான் கயிறு. வெயிலில் வெளுத்து, நுனி பிரிந்ததென்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெயிலும் உரசலும் முதலில் தின்பது மேலுறையைத்தான். உள் இழைகள் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

முதலில் வெதுவெதுப்பான நீரில், கொஞ்சம் சோப்புப் போட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், நைலானை அரித்துவிடும். நிழலில் காய்ந்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கயிற்றை மெதுவாக உருவிக்கொண்டே வாருங்கள். விரல் சட்டென்று பள்ளத்தில் இறங்கினால் அங்கே உள் இழை அறுந்திருக்கிறது. வழவழவென்று விறைத்த இடம் சூட்டில் உருகியது. இரண்டையும் வெட்டிவிடுங்கள். பேட்டரி அமிலம் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் முழுக் கயிற்றையும் கழித்துவிடுங்கள். அமிலம் அரித்தது வெளியே தெரியாமலே போகலாம்.

3 மீட்டருக்கு மேல் தேறியவை தார்ப்பாய் கட்ட உதவும். நைலான் நனைந்தால் இளகி நீளும். மழையில் தார்ப்பாய் தொய்ந்து நடுவில் தண்ணீர் தேங்குவது அதனால்தான். முதல் தூறலிலேயே எழுந்து ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள்.

1 மீட்டர் அளவுத் துண்டுகளை உரித்துவிடலாம். உருகிய நுனியை 1 செ.மீ. நறுக்கி, இழைகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உறையை மறுகையால் சுருக்கித் தள்ளினால் கழன்று வரும். நீளத் துண்டென்றால் உறை நடுவில் சுருங்கி இறுகிவிடும், அதனால் வெட்டிக்கொள்வதே நல்லது. 550 வகைக் கயிற்றில் (550 பவுண்டு தாங்கும் வகை) பொதுவாக 7 இழைகள், ஒவ்வொன்றிலும் 2 அல்லது 3 நூல்கள் முறுக்கியிருக்கும். உள்ளே வெறும் பஞ்சு போல இருந்தால் அது போலி. பை வாயைக் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்த நூலில் கிழிந்த கூடாரத்தையும் பைப் பட்டையையும் தைக்கலாம். நுனியைத் தீயில் லேசாகக் காட்டி, கத்தியின் பக்கவாட்டில் வைத்து உருட்டினால் கூராகி ஊசிக் காதில் எளிதாக நுழையும். விரலால் உருட்டாதீர்கள். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும்.

வெற்று உறையையும் வீணாக்க வேண்டாம். 60 செ.மீ. எடுத்து வளையமாக முடிந்து, தார்ப்பாய்க்கு மேலே ஓடும் முழுக் கயிற்றில் 3 சுற்றுச் சுற்றிப் புருசிக் முடிச்சு (இழுத்தால் இறுகிப் பிடிக்கும், தளர்த்தினால் நகரும் முடிச்சு) போடுங்கள். சுற்றும் கயிறு மெலிதாக இருந்தால்தான் பிடிக்கும். வளையத்தையே முழு பாராகார்டில் செய்தால் வழுக்கும்.

பழைய கயிற்றில் ஆள் எடையை ஏற்றவே ஏற்றாதீர்கள். தூளி, பாறை ஏற்றம் எதற்கும் கூடாது. சுமார் 250 கிலோ தாங்கும் என்பது புதுக் கயிற்றின் கணக்கு; ஒரு முடிச்சே அதில் பாதியளவு வரை குறைத்துவிடும்.